செபம் வறண்டுபோகும் காலங்கள்

ஒரு காலத்தில் செபமாலையைக் கையில் எடுத்தாலே மனம் நிறைந்தது. நற்கருணை ஆராதனையில் முழந்தாளிட்டால் நேரம் போவதே தெரியவில்லை. ஞாயிறு வாசகத்தில் ஏதாவது ஒரு வரி நமக்கென்றே எழுதப்பட்டதுபோல் உள்ளே தைத்தது. பிறகு, எப்போது என்று சொல்லத் தெரியாத ஒரு நாளில், அது நின்றுபோனது. அதே ஆலயம், அதே பீடம், அதே மன்றாட்டுகள்தாம். வாய் சொல்லிக்கொண்டே போகிறது. உள்ளமோ வீட்டுக் கடனிலும், மகளின் தேர்விலும், அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாலிலும் கிடக்கிறது. கடவுள் இருக்கிறார் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர் நமக்குச் செவிசாய்க்கிறாரா என்பதுதான் தெரியவில்லை.

இந்த நிலைக்குத் திருச்சபையின் ஆன்மீக மரபு வைத்திருக்கும் பெயர் ஆன்மீக வறட்சி. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, செபத்தில் வரும் போராட்டங்களைப் பற்றிப் பேசும்போது இதற்கென்று தனி எண் ஒன்றை (2731) ஒதுக்கியிருக்கிறது. பராக்கு, சோர்வு, மனந்தளர்தல் ஆகியவற்றோடு சேர்த்து இதையும் செபிக்க முயல்கிற எவருக்கும் நேரக்கூடிய ஒன்றாகவே அது காண்கிறது. ஆனால் நம் பங்குகளில் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. சாட்சி சொல்ல மேடை ஏறுகிறவர்கள் ஆண்டவர் தங்களைத் தொட்ட நாளைப் பற்றிச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த ஐந்து வறண்ட ஆண்டுகளைப் பற்றி யாரும் சாட்சி சொல்வதில்லை. அதனால் வறட்சி வரும்போது, இது எனக்கு மட்டும்தான் நேர்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம்.

அப்படி நினைப்பதன் விளைவு சிறியதல்ல. பலர் செபத்தை விடுவது பாவத்தினால் அல்ல, இந்த இடத்தில்தான். சிலர் உணர்ச்சி திரும்பக் கிடைக்கும் என்று ஒரு தியான மையத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைகிறார்கள். சிலர் வேறு சபைகளுக்குப் போய்விடுகிறார்கள். குருமடத்திலும் கன்னியர் மடத்திலும் உள்ள இளையோர், தங்கள் அழைத்தலே பொய்யோ என்று குழம்புகிறார்கள். வறட்சி என்ற ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு நிலைகள் கிடக்கின்றன என்பதையும், ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் கேடு விளையும் என்பதையும் அறிந்துகொண்டால் இவற்றில் பாதியையாவது தவிர்க்கலாம் என்பது நம் எண்ணம். நமக்கு முன்னே இவ்வழியில் நடந்தவர்கள் இதைக் கவனமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

விவிலியத்தில் எலியாவிடமிருந்து தொடங்கலாம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கியதைக் கண்ணால் கண்டவர் அவர். அடுத்த அதிகாரத்திலேயே ஈசபேலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின்கீழ் உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார் (1 அர 19:4). ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. மறையுரையும் ஆற்றவில்லை. தூங்க விடுகிறார். வானதூதர் அவரைத் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மீண்டும் தூங்க விடுகிறார், மீண்டும் உணவு கொடுக்கிறார். பேச்சு அதற்குப் பிறகுதான், அதுவும் நாற்பது நாள் நடைக்குப் பிறகு. வறட்சி என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி வெறும் களைப்பு என்பதை இந்தப் பகுதி எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிடுகிறது! இரவுப் பணி முடித்து வந்து காலைத் திருப்பலியில் கண் சொருகுகிறவர், கைக்குழந்தையோடு நான்கு மாதமாகத் தூங்காத தாய், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் ஆகியோருக்கு முதலில் தேவைப்படுவது எலியாவுக்குக் கிடைத்ததுதான்.

எரேமியா இன்னும் கடுமையாகப் பேசுகிறார். ஆண்டவர் தம்மை ஏமாற்றிவிட்டதாகவே குற்றம் சாட்டுகிறார் (எரே 20:7). திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். எத்தனை நாள் மறந்திருப்பீர் என்று கேட்கும் 13ஆம் திருப்பாடலும், நீரோடைக்கு ஏங்கும் மானைக் காட்டும் 42ஆம் திருப்பாடலும் வறட்சியின் செபங்களே. இயேசு சிலுவையில் எடுத்துச் சொன்னது 22ஆம் திருப்பாடலின் தொடக்கத்தை (மாற் 15:34). இவையெல்லாம் செபப் புத்தகத்திற்கு உள்ளேயே இருக்கின்றன. கடவுளைக் காணவில்லை என்று கடவுளிடமே முறையிடுவதும் செபம் என்று இஸ்ரயேல் மக்கள் அறிந்திருந்தார்கள்.

மன்ரேசாவில் ஒரு போர்வீரர்

வறட்சியையும் ஆறுதலையும் முறையாக ஆராய்ந்து விதிகளாக எழுதியவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு மே மாதம், ஸ்பெயின் நாட்டின் பாம்பலோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. லொயோலாவில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது பொழுதுபோக்குக்கு வீரக்கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும்தான். அவற்றைப் படித்துப் படித்து, இடையிடையே பழைய வீரக் கனவுகளிலும் மூழ்கிக் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். வீரக் கனவுகள் அந்நேரத்திற்கு இனித்தன. முடிந்த பிறகு உள்ளம் காய்ந்து கிடந்தது. புனிதர்களைப் போல வாழ்வதாக எண்ணிப் பார்த்தபோது அந்த இனிமை எண்ணம் முடிந்த பிறகும் தங்கியது. உணர்ச்சியை அந்த நேரத்தில் எடைபோடாதே, அது எதை விட்டுச் செல்கிறது என்று பார் என்னும் அவருடைய பாடம் அங்கிருந்து வந்தது.

ஆனால் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் மன்ரேசா என்ற சிற்றூர். 1522 மார்ச் முதல் 1523இன் தொடக்கம் வரை அங்கே தங்கினார். முதல் சில மாதங்கள் ஒரே மகிழ்ச்சி. பிறகு ஏற்ற இறக்கங்கள் ஆரம்பித்தன. சில வேளைகளில் செபத்திலோ திருப்பலியிலோ எந்தச் சுவையும் இல்லை. திடீரென்று, தோளிலிருந்து மேலாடையை யாரோ எடுத்துவிட்டதுபோல், அந்தத் துயரம் அகன்றுவிடும். இது என்ன புது வாழ்க்கை என்று அவரே திகைத்ததாகத் தம் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வந்தது இன்னும் மோசம்: ஒப்புரவில் ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களைச் சரியாகச் சொன்னோமா என்ற ஓயாத சந்தேகம். நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளில் செபித்தும் அது விடவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனை வரை அது அவரைக் கொண்டுபோனது. ஒரு வாரம் முழுதும் உண்ணாமல் இருந்தார். ஆன்ம குரு கட்டளையிட்ட பிறகே உண்டார். இந்த மனிதர்தான் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு ஆன்ம வழிகாட்டியானார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவர் எழுதிய விதிகள் நூலகத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டவை அல்ல.

1548ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலின் கடைசிப் பகுதியில் அவ்விதிகள் உள்ளன (எண்கள் 313 முதல் 336 வரை). ஆறுதல் என்றால் என்ன என்று அவர் சொல்லும் விதமே நமக்கு வியப்பளிக்கும். மகிழ்ச்சி மட்டும் ஆறுதல் அல்ல. தன் பாவத்தை எண்ணியோ ஆண்டவரின் பாடுகளை எண்ணியோ அழுவதும் ஆறுதலே. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றையும் எது கூட்டுகிறதோ அது ஆறுதல். அவற்றைக் குறைத்து, உள்ளத்தை இருளாக்கி, கீழானவற்றின் பக்கம் இழுத்து, ஆண்டவரைவிட்டுப் பிரிந்துவிட்டதாக எண்ண வைப்பது வறட்சி. ஆகவே ஆராதனையில் கண்ணீர் வந்ததா இல்லையா என்பது அளவுகோல் அல்ல. வீட்டுக்குத் திரும்பிய பிறகு மாமியாரோடு எப்படிப் பேசினோம் என்பது அளவுகோலுக்கு இன்னும் நெருக்கமானது.

வறட்சியில் இருப்பவர்களுக்கு அவர் தரும் விதிகளில் மிகவும் பயனுள்ளது ஐந்தாவது (எண் 318). வறட்சிக் காலத்தில் எந்த மாற்றமும் செய்யாதே. அதற்கு முன், ஆறுதலில் இருந்தபோது எடுத்த முடிவில் உறுதியாய் நில் என்பது அதன் கருத்து. மறைக்கல்வி கற்பிப்பதை விட்டுவிடலாமா, குடும்ப செபத்தை நிறுத்திவிடலாமா, குருமடத்தைவிட்டு வெளியே போகலாமா என்ற எண்ணங்கள் பெரும்பாலும் வறட்சியில்தான் வருகின்றன; அவை அப்போது மிகவும் நியாயமாகவும் தெரிகின்றன. முடிவுகளை ஒருபோதும் மாற்றவே கூடாது என்று இஞ்ஞாசியார் சொல்லவில்லை. இருட்டில் வரைபடத்தைத் திருத்தாதே, வெளிச்சம் வரட்டும் என்கிறார். குருமடத்தைவிட்டுப் போவதே சரியான முடிவாகக்கூட இருக்கலாம். அமைதியான மனநிலையில் எடுத்தால் அந்த முடிவுக்கே மதிப்பு அதிகம்.

முடிவை மாற்றாமல் இருந்தால் போதாது, நம்மை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அடுத்த விதி: இன்னும் கொஞ்சம் செபம், இன்னும் கொஞ்சம் தன்னாய்வு, அளவான ஒறுத்தல். ஒரு மணி நேரம் செபிக்க முடிவுசெய்தவர், வறட்சியின்போது அந்த ஒரு மணியைவிடச் சற்று அதிகமாகவே இருக்கட்டும் என்று வேறோர் இடத்தில் (எண் 13) சொல்கிறார். இருபது நிமிடம் செபிப்பவர் இருபத்தொரு நிமிடம் இருந்தால் போதும். அந்த ஒரு நிமிடம் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை நமக்கே காட்டிவிடும்.

வறட்சி ஏன் வருகிறது? இஞ்ஞாசியார் மூன்று காரணங்கள் கூறுகிறார் (எண் 322). முதலாவது, நாமே அசட்டையாகவும் சோம்பலாகவும் இருந்தது. இரண்டாவது, இனிமை என்ற கூலி இல்லாமல் நாம் எவ்வளவு தூரம் வருவோம் என்பது வெளிப்படுவதற்காக. மூன்றாவது, ஆறுதல் நாம் சம்பாதித்த சொத்து அல்ல, கொடை என்று நாம் உள்ளூர உணர்வதற்காக. இம்மூன்றில் முதலாவது மட்டுமே நம் தவறு. ஆனால் நம் மேடைகளில் பெரும்பாலும் ஒலிப்பது அந்த முதல் காரணம் மட்டுமே. செபம் வரவில்லையா, ஏதோ பாவம் இருக்கிறது, தேடிப் பிடி என்று அறிவுரை கூறுகிறவர்கள், ஏற்கெனவே வாடிய செடியின் வேரைத் தோண்டிப் பார்க்கிறார்கள். தன்னாய்வு தேவைதான். ஒரு நல்ல ஒப்புரவுக்குப் பிறகும் வறட்சி தொடர்ந்தால், அதற்கு மேல் தோண்டத் தேவையில்லை.

இன்னொரு விதி கிராமத்தில் வளர்ந்த நமக்கு எளிதில் புரியும். ஆறுதலில் இருப்பவர், வரப்போகும் வறட்சியை எண்ணி அப்போதே பலம் சேர்த்துக்கொள்ள வேண்டும் (எண் 323). ஏரி நிறைந்திருக்கும்போதுதான் மடையையும் கரையையும் பார்க்க வேண்டும். வற்றிய பிறகு பார்த்துப் பயன் என்ன? தியானம் முடிந்து வந்த வாரத்தின் உற்சாகத்தில் பெரிய வாக்குறுதிகள் கொடுப்பதைவிட, அன்று பெற்றதை நாலு வரி எழுதி வைப்பது நல்லது. வறண்ட நாளில் அந்த நாலு வரி உதவும்.

கிணற்றில் தண்ணீர் இல்லாத நாள்

அவிலா நகரப் புனித தெரேசா 1535ஆம் ஆண்டு கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். செபத்தைப் பற்றி எழுதியதற்காகவே 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதுகிறார்: செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றே பல ஆண்டுகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாராம். ஞாயிறு திருப்பலியில் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நமக்கு இது ஆறுதலான செய்தி!

அவர் தந்தையின் இறப்பை ஒட்டிய காலத்தில் நடந்தது இன்னும் முக்கியம். ஓராண்டுக்கு மேல் அவர் தனிச்செபத்தை முற்றிலும் விட்டுவிட்டார். காரணம் சோம்பல் அல்ல. இவ்வளவு குறைகளோடு இருக்கும் நான் ஆண்டவரோடு நெருங்கிப் பேசத் தகுதியற்றவள், மற்றவர்களைப் போல வாய்ச்செபம் சொன்னால் போதும் என்ற தாழ்ச்சிதான் காரணம். பின்னாளில் அதைப் போலித் தாழ்ச்சி என்றும், தமக்கு நேர்ந்த சோதனைகளிலேயே மிகக் கொடியது என்றும் அவர் கருதினார். அவருடைய தந்தையின் ஆன்ம குருவாக இருந்த தொமினிக்கன் துறவி ஒருவர், செபத்தை எக்காரணம் கொண்டும் விட வேண்டாம் என்று சொல்லி அவரைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்குப் பின்னும் எல்லாம் உடனே மாறிவிடவில்லை. 1554ஆம் ஆண்டு, மடத்தில் வைக்கப்பட்டிருந்த காயம்பட்ட கிறிஸ்துவின் திருவுருவத்தின்முன் அவர் உடைந்து அழுத நாள்வரை இழுபறிதான். அப்போது அவருக்கு வயது 39. தகுதி வந்த பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்கும் நம்மில் எத்தனையோ பேருக்கு இந்த ஆண்டுக் கணக்கு தேவைப்படுகிறது.

செபத்தை அவர் தோட்டத்திற்குத் தண்ணீர் பாய்ச்சுவதோடு ஒப்பிட்டார். முதலில் கிணற்றில் வாளி விட்டுக் கையால் இறைக்க வேண்டும். உழைப்பு அதிகம், தண்ணீர் குறைவு. பிறகு வாளிகள் கட்டிய சக்கரம், நம் ஊரில் கமலை கட்டி இறைத்ததைப் போல. அதன் பிறகு ஆற்றுப் பாசனம். கடைசியில் மழை; அதில் நம் உழைப்பு எதுவும் இல்லை. இந்த உவமை பரவலாக அறியப்பட்டதே. அதில் பலர் கடந்துபோய்விடும் ஓர் இடம் உண்டு. வாளியை மீண்டும் மீண்டும் விட்டும் ஒரு சொட்டுக்கூட வராத நாள்களில் தோட்டக்காரர் என்ன செய்வார் என்று தெரேசா கேட்கிறார். தோட்டம் தன்னுடையது அல்ல, ஆண்டவருடையது என்று அவர் நினைவுகூர வேண்டும் என்கிறார். அவர் வாளியோடு வந்து நின்றதே தோட்டத்தின் தலைவருக்குச் செய்த பணி. தண்ணீர் இல்லாமலே பூக்களைக் காக்க அந்தத் தலைவருக்குத் தெரியும்.

இருளும் மனநோயும் ஒன்றல்ல

தெரேசாவோடு சேர்ந்து கார்மேல் சபையைச் சீர்திருத்திய சிலுவையின் புனித யோவான், அச்சீர்திருத்தத்தை விரும்பாத தம் சபைத் தோழர்களாலேயே 1577 டிசம்பரில் பிடித்துச் செல்லப்பட்டு, தொலேதோ நகரில் ஓர் இருட்டறையில் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அடைக்கப்பட்டார். 1578 ஆகஸ்டு மாதம் தப்பித்து வந்தார். ‘இருண்ட இரவு’ என்ற அவருடைய சொல்லை இன்று யாரும் எதற்கும் பயன்படுத்துகிறார்கள். தேர்வில் தோற்றதும் இருண்ட இரவு, காதல் முறிந்ததும் இருண்ட இரவு. அவரோ அதை மிகக் கறாராகப் பயன்படுத்தினார். கடவுளே ஓர் ஆன்மாவை வறட்சியின் வழியாக நடத்துகிறார் என்று சொல்ல மூன்று அடையாளங்கள் சேர்ந்து இருக்க வேண்டும் என்றார். இறை காரியங்களில் சுவை இல்லை, ஆனால் உலகக் காரியங்களிலும் சுவை இல்லை. நான் ஆண்டவருக்குச் சரியாகப் பணி செய்யவில்லையே, பின்னோக்கிப் போகிறேனே என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. முன்புபோல் சிந்தித்தும் கற்பனை செய்தும் தியானிக்க, முயன்றாலும் முடியவில்லை.

இரண்டாவது அடையாளத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கடவுளைப் பற்றிக் கவலையே இல்லாமல் போனவர், வறட்சி வந்துவிட்டது என்று வருந்தமாட்டார். அவர் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பார். என் செபம் செத்துவிட்டதே என்று ஒருவர் குருவிடம் வந்து கண்கலங்கும்போது, அந்தக் கலக்கமே உறவு உயிரோடிருப்பதைக் காட்டுகிறது. பிரிவு வலிக்கிறது என்றால் பாசம் இருக்கிறது என்று பொருள்.

அதே அதிகாரத்தில் யோவான் இன்னொன்றையும் குறிப்பிடுகிறார். இத்தகைய வறட்சியோடு உடலைச் சார்ந்த மனச்சோர்வு நோயும் கலந்திருக்கலாம் என்கிறார். தெரேசாவும் தம் மடங்களில் இருந்த மனச்சோர்வு நோயாளிகளை எப்படிப் பராமரிப்பது என்று தனி அதிகாரமே எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் பிரித்துப் பார்த்ததை இருபத்தொன்றாம் நூற்றாண்டில் நாம் குழப்பிக்கொள்ளலாமா? வாரக்கணக்கில் தூக்கம் வராமல், உணவு பிடிக்காமல், பிள்ளைகளின் சிரிப்புகூட எட்டாமல், அன்றாட வேலையே செய்ய முடியாமல், வாழ்ந்து என்ன பயன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இன்னொரு நவநாளைப் பரிந்துரைப்பது போதாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்வோரின் பேச்சைக் கேட்க வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். செபமும் மருத்துவமும் சேர்ந்தே நடக்கட்டும். எலியாவுக்கு அப்பமும் கிடைத்தது, ஆண்டவரின் குரலும் கிடைத்தது.

லிசியே நகரத்துக் குழந்தை தெரேசா எல்லோரும் அறிந்த புனிதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். 1896ஆம் ஆண்டு உயிர்ப்புக் காலத்தில் அவருக்குத் தொடங்கிய விசுவாசச் சோதனை, 1897 செப்டம்பர் 30 அன்று தம் 24ஆம் வயதில் இறக்கும்வரை நீடித்தது. விண்ணகம் என்ற எண்ணமே அவருக்கு இருண்டுபோனது. நம்பிக்கை அறிக்கையைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ரோசாப் பூக்களோடு நாம் பார்க்கும் படத்தில் இது தெரிவதில்லை.

கொல்கத்தாவில் ஐம்பது ஆண்டுகள்

நம் காலத்தில், நம் நாட்டில் இதை வாழ்ந்து காட்டியவர் அன்னை தெரேசா. 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் இரயிலில் அவர் பெற்ற அழைப்பைப் பற்றி நமக்குத் தெரியும். அந்நாள்களில் அவருடைய செபம் ஆறுதலால் நிறைந்திருந்தது. ஏழைகளுக்கான பணியை அவர் தொடங்கியதும் அது நின்றது. 1950 அக்டோபர் 7 அன்று பிறரன்பின் பணியாளர் சபை முறைப்படி நிறுவப்பட்ட காலத்தில் அவர் உள்ளே இருளில் இருந்தார். 1958ஆம் ஆண்டு அக்டோபரில், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மறைந்தபோது அவருக்காக ஒப்புக்கொடுத்த திருப்பலியின்போது அந்த இருள் விலகியது. சில வாரங்களே நீடித்த அந்த இளைப்பாறுதலுக்குப் பிறகு மீண்டும் வந்தது. 1997 செப்டம்பர் 5 அன்று அவர் இறக்கும்வரை அது போகவில்லை என்றே அவருடைய கடிதங்களைத் தொகுத்தவர்கள் கருதுகிறார்கள். இவ்வளவையும் அவருடன் வாழ்ந்த சகோதரிகள் அறியவில்லை. கடிதங்களை அழித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். ஆனால் ஆன்ம குருக்கள் அவற்றைப் பாதுகாத்தார்கள். 2007இல் அவை நூலாக வெளிவந்தபோது, அன்னைக்கு விசுவாசமே இல்லை என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

அன்னைக்குத் திருப்பம் தந்தது இருள் நீங்கியதல்ல. 1961ஆம் ஆண்டு இயேசு சபை இறையியலாளர் அருள்பணி யோசேப் நொய்னர் அவருக்கு வழிகாட்டினார். அவர் சொன்னவை மூன்று. இது உங்கள் தவறால் வந்ததல்ல, இதற்கு மனித முயற்சியால் மருந்தும் இல்லை. கடவுளுக்காக நீங்கள் ஏங்குவதே அவர் உள்ளே மறைந்திருப்பதன் அடையாளம். கைவிடப்பட்டவர்களிடையே பணிசெய்யும் உங்களுக்கு, கைவிடப்பட்ட உணர்வு அந்தப் பணியின் உட்பக்கம். இதைக் கேட்ட பிறகு அன்னை அந்த இருளையே நேசிக்கத் தொடங்கியதாக எழுதினார். பத்து ஆண்டுகளுக்கு மேல் சுமந்த ஒன்றுக்குச் சரியான பெயர் கிடைத்தது. சுமை இறங்கவில்லை, சுமக்கும் விதம் மாறியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அன்னையின் இருளை நம் ஒவ்வொரு சலிப்போடும் ஒப்பிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அவர் அந்த ஆண்டுகளிலும் விடியற்காலையில் எழுந்து திருப்பலியிலும் தியானத்திலும் பங்கேற்றார். ஆராதனையைக் கூட்டினாரே தவிரக் குறைக்கவில்லை. இரவு ஒரு மணிவரை கைபேசியில் நேரம் கழித்துவிட்டு, காலையில் செபம் ஓடவில்லை என்று சொல்கிறவருக்கு வேண்டியது இஞ்ஞாசியாரின் முதல் காரணம்தான்.

இவ்வளவும் படித்த பிறகும் தன் நிலை எது என்று தானே கண்டுபிடிப்பது கடினம். ஆகவேதான் இஞ்ஞாசியார், எதிரியான தீய ஆவிக்கு இரகசியம் பிடிக்கும் என்றார் (எண் 326). யாரிடமும் சொல்லாதே என்று உள்ளே ஒரு குரல் கேட்டால், அதையே முதலில் சொல்ல வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு புதன் மறைக்கல்வி உரைகளில் தெளிந்து தேர்தலைப் பற்றி வாரக்கணக்கில் பேசியபோது, வறட்சிக்கும் ஆறுதலுக்கும் தனித்தனி உரைகள் ஒதுக்கினார். பங்குகளில் அவற்றை வாசித்துப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஆன்ம வழிகாட்டியைத் தேடி யார் எங்கே போவது? குருக்களுக்கு மூன்று கிளைக்கிராமங்கள், பள்ளி நிர்வாகம், கட்டட வேலை. சனிக்கிழமை மாலை பத்து நிமிட ஒப்புரவில் இதைப் பேசி முடிக்க இயலாது. பயிற்சி பெற்ற அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் இப்பணியைச் செய்யலாம். தெரேசாவே அதற்குச் சான்று. தவக்காலத்தில் மூன்று நாள் பெருந்தியானம் நடத்துகிற பங்குகள், அதற்குப் பிறகு வரும் நாற்பது வாரங்களுக்கு இப்படி ஒருவரையோ இருவரையோ ஏற்பாடு செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

எதுவுமே வராத நாளில் என்ன செபிப்பது என்று கேட்பவர்களுக்கு 88ஆம் திருப்பாடலைச் சொல்கிறோம். புலம்பல் திருப்பாடல்களில் பெரும்பாலானவை முடிவில் ஒரு புகழ்ச்சிக்குத் திரும்பும். இது திரும்பாது. நண்பர் இல்லை, விளக்கம் இல்லை, பதிலும் இல்லை. கடைசி வரியும் இருளிலேயே நிற்கிறது. குருக்களும் துறவியரும் சொல்லும் திருப்புகழ்மாலையில், வெள்ளிக்கிழமை இரவுச் செபத்திற்கு உரியது இந்தத் திருப்பாடல்தான். ஒவ்வொரு வாரமும் ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாளின் முடிவில், விளக்கை அணைக்கும் முன், மகிழ்ச்சியாய் இருப்பவர்களும் வறட்சியில் இருப்பவர்களும் சேர்ந்தே அதைச் சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார்கள்.